அறுபதாம் நம்பர் நூல்

1998-இல் கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு தனியார் நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். அப்போது அங்கே ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) ஆக இருந்தவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடந்தது. பெயர் வேண்டாம், அவருக்கே அது பிடிக்காது. நாகர்கோவில் கோட்டாற்றுக்காரர். 2019-இல் காலமானார்.

ஆனி, ஆடியில் நாகர்கோவிலில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும். அதே காற்று கணவாயைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது வறண்டு போயிருக்கும். முப்பந்தலில் காற்றாலை நட்டவர்களுக்கு அது வரம், அவர்களில் பலர் நூற்பாலை முதலாளிகள்தான். ஆனால் ஸ்பின்னிங்குக்குள் அந்த வறட்சி புகுந்தால் வேதனை. ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பஞ்சு பறக்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு மீட்டர் இருந்தது. அவர் மீட்டர் பக்கம் போவதற்கு முன்னால் சைடர் பெண்கள், அதாவது மெஷினில் அறுந்த நூலை ஒட்டுகிறவர்கள், நடக்கிறார்களா ஓடுகிறார்களா என்று பார்ப்பார். “பிள்ளைய ஓடுதுவ மக்களே, ஈரம் பத்தல” என்பார். போய்ப் பார்த்தால் மீட்டரும் அதையே சொல்லும். யாரையும் ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார், கோபத்திலும் அதே சொல்தான்.

அவரிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. சாயங்காலம் ஏழரையிலிருந்து எட்டு வரை அவர் வீட்டுக்கு போன் போகக் கூடாது. குடும்ப செபமாலை நேரம். தீப்பிடித்தால் கூப்பிடலாம், மெஷின் நின்றால் கூப்பிட வேண்டாம். அந்த அரை மணி நேரத்தில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், அவருடைய அம்மா எல்லாரும் ஒன்றாக முழங்காலில் நிற்பார்கள். இதை நாங்கள் யாருமே மீறியதில்லை.

நான் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அரை நைட் ஷிப்ட். நாற்பதாம் நம்பர் நூலுக்கு ஒரு நிற பாபின் (நூல் சுற்றும் குழல்), அறுபதுக்கு வேறு நிறம் என்பது கணக்கு. அன்று நாற்பதுக்கான பாபின் குறைந்தது. மெஷினை நிறுத்த மனமில்லாமல் அறுபதின் நிறத்திலேயே ஓட்டச் சொன்னேன். அப்புறம் அதை ஷிப்ட் நோட்டில் எழுத மறந்தேன். அடுத்த ஷிப்டான முழு நைட்டில் வந்தவர்கள் நிறத்தை நம்பி எடுத்தார்கள். நாற்பது அறுபதோடு கலந்து, சிட்டாவாகச் சுற்றிக் கட்டாகி வெளியே போய்விட்டது.

நூலின் நம்பர் என்பது எடைக் கணக்கு. 840 கஜம் ஒரு சிட்டா. ஒரு பவுண்டுக்கு நாற்பது சிட்டா நின்றால் நாற்பதாம் நம்பர், அறுபது நின்றால் அறுபது. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். சுற்றி வைத்த பிறகு சட்டென்று பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாது. தறியில் ஊடையாக, அதாவது குறுக்கு நூலாக, ஓடின பிறகுதான் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். அதற்குள் நெசவாளியின் நாலு நாள் உழைப்பு போயிருக்கும்.

மூன்று வாரம் கழித்து நூல் வியாபாரி மூலம் புகார் வந்தது. வடசேரிப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் நான்கு வேட்டி பாழ். ஜி.எம். நோட்டைப் புரட்டினார். அன்றைய பக்கத்தில் ஒன்றும் இல்லை. நானே போய்ச் சொன்னேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறரை. வீட்டுக்கு போன் போட்டு, “நீங்க செபமாலை சொல்லிருங்க, நான் வழியில சொல்லிக்கிடுதேன்” என்றார். என்னையும் காரில் ஏறச் சொன்னார்.

தோவாளை தாண்டும்போது ஒரு கையில் செபமாலை உருண்டுகொண்டிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு எந்தத் திட்டையும் விடக் கனமாக இருந்தது.

நெசவாளருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் நாற்காலி எடுத்துப் போட்டார். ஜி.எம். அதில் உட்காரவில்லை, தறிக்குழி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு, “அண்ணாச்சி, தப்பு எங்க மில்லுல நடந்தது. நூலும் தாறேன், கூலியும் தாறேன்” என்றார். எங்கள் பையன் செய்தான் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்ற என்னை அவர் சுட்டிக்காட்டவே இல்லை. நான்தான் தாங்க முடியாமல், “நான் செஞ்ச தப்பு ஐயா” என்றேன். கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சரி, காப்பி குடிங்க” என்றார். நான்கு வேட்டிக்கும் ஜி.எம். தன் பையிலிருந்து பணம் கொடுத்து வாங்கிக்கொண்டார். மில் கணக்கில் எழுதவில்லை என்பது பிறகு அக்கவுண்ட்ஸில் இருந்தவர் சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் முதல், நிறம் மாறினால் மெஷின் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். உற்பத்தி குறைந்தது என்று மேலிடத்தில் அவர் வாங்கிய பேச்சு எனக்குத் தெரியும். அதைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

வருஷா வருஷம் டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவின் கடைசி நாள், மாவட்டத்துக்கே விடுமுறை. அன்று உப்பும் மிளகும் காணிக்கையாகப் போட வருகிற கூட்டத்தில் அவர் பேரப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு தேர் பார்த்து நிற்பதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். மில் ஆட்கள் யார் எதிர்ப்பட்டாலும், இந்துவானாலும் முஸ்லிமானாலும், வீட்டில் எல்லாரும் சுகமா என்று பேர் சொல்லிக் கேட்பார். கிறிஸ்தவ விசுவாசத்துக்காகத் தேவசகாயம் பிள்ளை சுடப்பட்ட காற்றாடிமலை மில்லுக்குப் பக்கம்தான். 2012-இல் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது ஜி.எம். குடும்பத்தோடு போயிருந்தார். 2022-இல் புனிதர் பட்டம் கிடைத்தபோது ஜி.எம். இல்லை. எனக்கு அன்று முழுக்க அவர் நினைப்புதான்.

அவருடைய ஏழாம் நாள் செபத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். மாதா சுரூபத்தின் கீழே மேசையில் ஒரு வெள்ளைத் துணி மடித்து விரித்திருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் மனைவி கவனித்தார்.

“அது எங்கிருந்தோ வாங்கிட்டு வந்தாரு தம்பி. நெசவு சரியில்ல, மாத்துவோம்னு எத்தனையோ வாட்டி சொன்னேன். அதுவே கெடக்கட்டும்னுட்டாரு.”