தலசீமியா: டம்ளரின் அடியில் தங்கிப்போன மருந்து

எங்கள் பிள்ளைக்குத் தலசீமியா: பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத நோய், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும், அதில் உடம்பில் இரும்பு சேர்ந்துவிடும். அதை அளக்க எம்.ஆர்.ஐ. எடுக்கக் கிளம்பும் முன் போன் செய்து, "இதயத்துக்கு டி2 ஸ்டார் எடுப்பீர்களா?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். டி2 ஸ்டார் என்பது அந்த ஸ்கேனில் இரும்பை அளக்கும் முறை. நாங்கள் "இரும்பு அளவு பார்க்கும் ஸ்கேன்" என்று கேட்டோம், வரச் சொன்னார்கள். அரை நாள் பயணம், பிள்ளையை அசையாமல் படுக்கவைத்த பாடு, எல்லாம் முடிந்து வந்த ரிப்போர்ட்டில் கல்லீரல் மட்டுமே. இதயத்துக்கான மென்பொருள் அந்த மையத்தில் இல்லையாம். பணம் போனது, மறுபடி வேறு ஊர். இந்த ஸ்கேனில் எண் குறைந்தால்தான் பயப்பட வேண்டும்: இதயத்தில் 20 மில்லிசெகண்டுக்கு மேல் நல்லது, 10க்குக் கீழே ஆபத்து.

ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு வருகிறது. உடம்பு தானாகக் கழிப்பது நாளுக்கு 1, 2 மில்லிகிராம்தான். அதனால் ஃபெரிட்டின் (சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1000 தாண்டியதும் இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரை தொடங்கியாயிற்று.

ஆனால் ஃபெரிட்டின் இறங்கவே இல்லை. டோஸைக் கூட்டலாமா என்ற பேச்சு வந்த பிறகுதான் டம்ளரைக் கவனித்தோம்: அடியில் வெள்ளையாக மாவு போல ஒரு படிவு. டெஃபெராசிராக்ஸ் கரையும் மாத்திரை முழுதாகக் கரையாது, தூளாகப் பிரிந்து தண்ணீரில் கலந்து நிற்கும், கொஞ்சம் அடியில் தங்கிவிடும். குடித்ததும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதையும் கொடுங்கள். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பாலிலோ சோடாவிலோ கலக்க வேண்டாம். ஆரஞ்சு, ஆப்பிள் சாறு பரவாயில்லை.

கடையில் அதே பெயரில் விழுங்கும் மாத்திரையைக் கொடுத்தால் அப்படியே மாற்றிக்கொள்ளாதீர்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராம் கரையும் மாத்திரைக்கு, விழுங்குவதில் 14தான் ஈடு. கவனிக்காமல் அதே எண்ணில் கொடுத்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை மாதாமாதம் பார்க்க வேண்டியதும் அதற்காகத்தான். வாந்தி, பேதி வந்து நீர் வற்றினால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து, மாத்திரையை நிறுத்திவைப்பது பற்றிக் கேளுங்கள். காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் பார்க்க வேண்டாம். அந்தச் சமயத்தில் அது பொய்யாக ஏறி நிற்கும்.

இன்னொன்று, பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரை. "ஹீமோகுளோபின் குறைவு" என்று பார்த்ததும் அக்கறையோடுதான் கொடுப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வகுப்பு ஆசிரியரிடம் கையில் கொடுங்கள், ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக. வகுப்பு மாறினால் ஆசிரியரும் மாறிவிடுகிறார்.