எச்ஆரில் எது சின்ன வேலை?

மற்ற டிபார்ட்மெண்ட் ஆட்களைக் கேட்டால் எச்ஆருக்கு, அதாவது மனிதவளத் துறைக்கு, ஆள் எடுப்பதும் ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குவதும்தான் வேலை. எச்ஆருக்குள்ளேயோ ஒரு வரிசை உண்டு: அட்டெண்டன்ஸ், ஃபைல் பார்ப்பவர்கள் அடியில், அப்புறம் சம்பளம் போடும் பேரோல், உச்சியில் மேனேஜர்களுக்கு ஆலோசனை சொல்லும் 'பிசினஸ் பார்ட்னர்'. மேலே போகப் போக வேலை சிக்கலானதாம், அதனால் சம்பளமும் கூடுமாம். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான்.

பிஎஃபை, அதாவது வருங்கால வைப்பு நிதியை, எடுத்துக்கொள்ளுங்கள். 12 சதவீதம் பிடித்து, கம்பெனி பங்கையும் சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், அதை சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும். ஆனால் நம்மூரில் இனிஷியல் என்று ஒன்று இருக்கிறதே! ஆதாரில் 'எஸ். குமார்', பான் கார்டில் அப்பா பெயரையும் விரித்து 'குமார் சுப்பிரமணியன்', பழைய கம்பெனி போட்ட யுஏஎன் என்ற பிஎஃப் எண்ணில் வெறும் 'குமார்'. தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான் மூன்றும் ஒரே ஆள் இல்லை என்று போர்ட்டல் சொல்லும். எதை முதலில் திருத்துவது, மூடிப்போன கம்பெனியின் கையெழுத்துக்கு எங்கே போவது என்று மண்டையை உடைத்துக்கொள்வது அந்த அடிப்படிக்காரர்தான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எங்கள் ஆட்கள் தண்ணீரும் வடியாமல் கரண்டும் இல்லாமல் கிடந்தார்கள், லேப்டாப்பை எங்கே சார்ஜ் போடுவது? அட்டெண்டன்ஸ் காட்டும் லாகின் இல்லாவிட்டால் சம்பளம் பிடிப்பதா, விடுப்பில் கழிப்பதா? மேனேஜர்கள் எல்லாரும் 'பாலிசிப்படி செய்யுங்கள்' என்று மெயில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள், பாலிசியில் வெள்ளத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. பேரோல் மூடும் நேரத்தில், கரண்ட் இருந்த ஏரியாக்காரர் லாகின் செய்யாததும் முதல் மாடியில் மாட்டிக்கொண்டவர் செய்யாததும் ஒன்றல்ல என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு முடிவெடுத்தது எங்கள் அட்டெண்டன்ஸ் பெண்.

மேலே கஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. 2013 சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார் வந்தால் 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும், அதுவரை இரண்டு தரப்பும் ஒரே மாடியில் சாப்பிடுவார்கள், நாம் வாயைத் திறக்கக் கூடாது. அது நிஜமாகவே கடினம். ஆனால் போன வருட பிபிடி ஸ்லைடுகளில் வருடத்தை மட்டும் மாற்றுவதும் மேல்படியில்தானே நடக்கிறது?

வேலையின் படியை முடிவுசெய்யும் எங்கள் கிரேடு ஃபாரத்தில் 'உங்களுக்குக் கீழ் எத்தனை பேர்', 'எவ்வளவு பட்ஜெட்' என்றெல்லாம் கட்டம் இருக்கிறது. விதியே இல்லாத இடத்தில் என்ன முடிவெடுத்தீர்கள் என்று கேட்கும் கட்டம் இல்லை. அந்த அட்டெண்டன்ஸ் பெண் அதில் 'அட்டெண்டன்ஸ் பதிவு' என்று எழுதிக் கொடுத்தார். கிரேடும் அதற்கேற்ற மாதிரிதான் வந்தது.