பெரியண்ணன் பிரேக்

கார் பிரேக்கைப் பலப்படுத்த ரேசிங் கிட்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. அதே பிளாட்ஃபார்மில், அதாவது அதே அடிப்படைக் கட்டமைப்பில், வந்த பெரிய இன்ஜின் மாடலின் டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் பல நேரம் அப்படியே பொருந்திவிடும். "பல நேரம்" என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்! போல்ட் துளைகள் சரியாக இருந்தாலும், டிஸ்க்கின் நடுத்துளை ஒரு மில்லிமீட்டர் சின்னதாக இருந்தால் வீல் மாட்டும் மையமான ஹப்பில் ஏறாது. 14 அங்குல வீலுக்குள் பெரிய காலிப்பர் உரசக்கூடும். வீலை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். காலிப்பர் பிஸ்டன் பெரிதானால், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் ஆழமாக இறங்கும். பலர் இதை யோசிப்பதே இல்லை.

அப்புறம், டயரை மாற்றாமல் பழசையே வைத்திருந்தால் ஒரே ஒரு முறை அவசரமாக மிதிக்கும்போது நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. நீண்ட மலை இறக்கத்தில் சூட்டைத் தாங்குவதில்தான் பெரிய டிஸ்க்கின் அருமை தெரியும்.