இரண்டு விமர்சனங்கள், ஒரு பக்கம்

"சாரே, அவனும் நல்லது ஒண்ணும் எழுதல்லியே?"

பள்ளிக் கையெழுத்து இதழுக்கு ஒரு பையனின் பட விமர்சனத்தை எடுத்துத் தன்னுடையதை விட்டபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்டது. இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "நீ எழுதினது உனக்க அனுபவம் மக்கா, விமர்சனம் வேற" என்றேன். அவள் "சரி சாரே" என்று சொல்லி வகுப்புக்குப் போய்விட்டாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் என்னால் அதை விட முடியவில்லை.

2022-இல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா வந்ததிலிருந்து மாதம் ஒரு படம் போடுகிறோம், முடிந்ததும் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைக்கிறோம். அந்த முறை ஒன்பதாம் வகுப்புக்கு நானாக ஒரு வேலை கொடுத்தேன். பிடித்த படம் எதுவானாலும் சரி, அதன் நிறையையும் குறையையும் எழுதி வாருங்கள், நன்றாக இருப்பதைக் கையெழுத்து இதழில் சேர்ப்போம் என்றேன். இதழில் மிச்சமிருந்தது ஒரு பக்கம். பாதிப் பேர் கதையைச் சுருக்கி எழுதி வந்தார்கள். இரண்டு பேர் 'ஸ்பைடர்மேன் 3' எழுதியிருந்தார்கள். 2007-இல் வந்த படம், இவர்கள் பிறப்பதற்கு முந்தியது. டிவியில் தமிழில் போடும்போது பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தைப் பற்றிப் பெரியவர்களே இன்றுவரை ஒத்துப்போகவில்லை. உலகம் முழுக்க 89 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம், அந்த வரிசையின் முதல் இரண்டு படங்களையும் கொண்டாடியவர்களில் பலருக்குப் பெரிய ஏமாற்றமாகவும் இருந்தது. அதனால்தான் இரண்டு கட்டுரைகளையும் ஆசையோடு வாசித்தேன்.

பையன் கன்னியாகுமரி மாவட்டத்துத் திங்கள்நகர் பக்கம். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தான். இரண்டேகால் மணி நேரப் படத்தில் மூன்று வில்லன்கள் எதற்கு? வானத்திலிருந்து விழும் கல் ஊரில் இத்தனை இடம் இருக்க ஸ்பைடர்மேனான பீட்டர் பக்கத்தில் வந்து விழுவானேன்? பீட்டரின் நண்பன் ஹாரிக்குத் தலையில் அடிபட்டு வேண்டியது மட்டும் மறந்துபோவது எப்படி? ஹாரியின் அப்பா எப்படிச் செத்தார் என்று வீட்டு வேலைக்காரருக்குத் தெரியும் என்றால், அந்த மனுஷன் இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது ஏன்? 'வெனம் வரும்போது படத்துக்கே அவசரம் வந்துவிடுகிறது' என்று அந்த வில்லன்களில் ஒருவனைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தான். பதினான்கு வயதுப் பையன் அதைச் சொன்னது எனக்கு ஆச்சரியம். இயக்குநர் சாம் ரெய்மிக்கு வெனம் மேல் அவ்வளவு பிடிப்பில்லை, ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று தயாரிப்பாளர் அவி அராத் வற்புறுத்தித்தான் அந்தப் பாத்திரம் உள்ளே வந்தது. அது அவனுக்குத் தெரியாது. திரையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறான்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு அவனோடு உடன்பாடில்லை. முதல் படத்தில் பீட்டர் ஒரு திருடனைத் தப்பவிட்டான், அந்தத் திருடன் பென் பெரியப்பாவைக் கொன்றான், அந்தக் குற்ற உணர்விலிருந்துதான் ஸ்பைடர்மேனே பிறக்கிறான். மூன்றாவதில் வந்து, சுட்டது அவனில்லை, மணல்மனிதனாக மாறும் மார்க்கோ என்கிறார்கள். அப்படியானால் முதல் படமே வீண் என்று எழுதியிருந்தான். ஆனால் மார்க்கோ சொல்வதைக் கவனித்தால், பெரியப்பா அவனிடம் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அவனுடைய கூட்டாளியான அந்தத் திருடன் ஓடிவந்து கை வைக்க, துப்பாக்கி வெடித்துவிடுகிறது. பீட்டர் விட்டது அந்தக் கூட்டாளியைத்தான். ஆக அவன் பங்கு அப்படியே இருக்கிறது. இதைப் பையனிடம் சொன்னேன். "அத அடிச்சிரட்டா சாரே?" என்றான். வேண்டாம், நீ நினைத்தது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவள் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடலோரத்துப் பிள்ளை. இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். இரண்டு பக்கமும் ஒரே காட்சி. மார்க்கோ மணலாகிப் போனபின் முதல் தடவை எழுந்திருக்கப் பார்க்கிறானே, அது. பேச்சே இல்லாத காட்சி. குவியல் அசைகிறது, ஒரு உருவம் எழுகிறது, சரிகிறது, மறுபடி எழுகிறது. மகளின் படம் வைத்த லாக்கெட் கீழே கிடக்கிறது. எடுக்கப் போனால் கை உதிர்ந்துவிடுகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை இறுகி அதை எடுக்கிறான். அவள் எழுதியது இது: 'காய்ந்த மண்ணைப் பிடித்தால் விரல் வழியாகப் போய்விடும். கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் நிற்கும். அவனுக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்று படத்தில் காட்டவில்லை. அழுதிருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.'

அதற்குப் பிறகு தண்ணீர் பீய்ச்சி அவன் சேறாகிக் கரைந்து ஓடும் சண்டைக்கு வந்திருந்தாள். கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பிடிக்கும், நிறையத் தண்ணீர் கொண்டுபோகும், அதனால் அது சரி என்று தீர்ப்பு. கடைசியில் அவன் காற்றில் பறந்து போவதுதான் அவளுக்கு ஒப்பவில்லை. 'எங்கள் ஊர்க் கருமண் என்றால் பறந்திருக்க மாட்டான்' என்று எழுதியிருந்தாள். உண்மைதான். இல்மனைட், மோனசைட், கார்னெட் என்கிற கனிமங்கள் கலந்த மண் அது, அரிய மணல் ஆலை அங்கே இருப்பதே அதற்காகத்தான். சாதாரண மணலைவிட நல்ல கனம். ஆனி, ஆடியில் கடல் அடிக்கும்போது வெள்ளை மண்ணை அலை இழுத்துக்கொண்டு போய்விடும், கறுப்பு மட்டும் கரையில் படிந்து கிடக்கும். அதைப் பார்த்து வளர்ந்த கண் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறது.

படம் எடுத்தவர்களும் மணலோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பலவகை மணலைக் கொட்டியும் வீசியும் பார்த்து, அது எப்படி விழுகிறது என்று படித்துத்தான் கணினியில் அந்த உருவத்தைச் செய்தார்கள். நடிகர் தாமஸ் ஹேடன் சர்ச் மேல் கொட்ட வேண்டிய இடங்களில் நிஜ மணல் ஆபத்து என்று மணி எடுத்த மக்காச்சோளக் கதிரை அரைத்துப் பயன்படுத்தினார்கள். அந்த உழைப்புக்கு ஏற்ற பார்வையாளர் ஒருத்தி இந்தக் கரையில் இருந்தாள் என்று எனக்கு அன்றே தோன்றியது.

ஆனாலும் பையனுடையதைத்தான் எடுத்தேன்.

காரணம் இருக்கிறது. அவன் முழுப் படத்தையும் பார்த்து எழுதியிருந்தான். அதை வாசிக்கிற இன்னொரு பிள்ளை, தான் பார்க்கும் படத்தில் தற்செயல்களை எண்ணிப் பார்க்கும். கதை எங்கே இடறுகிறது என்று கேட்கும். வருகிற படத்தையெல்லாம் வாய் பிளந்து பார்க்கும் வயதில் அந்தக் கேள்வி வேண்டும். இதை இப்போதும் சொல்வேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் இரண்டு மூன்று நிமிடத்தைப் பற்றி மட்டும் எழுதியதை அந்தப் படத்தின் விமர்சனம் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் அவள் கேட்டதும் நியாயம்தானே. நிறை குறை இரண்டும் வேண்டும் என்றது நான். அவன் நிறை ஒன்றுகூட எழுதவில்லை. அவள் கட்டுரையில் ஈரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் உண்டு, காற்றில் பறப்பதை ஏற்காததும் உண்டு. 'குறை' என்று தலைப்புப் போடவில்லை, அவ்வளவுதான். கணக்குப் பார்த்தால் நான் கொடுத்த வேலையை அவள்தான் செய்திருக்கிறாள் என்றும் சொல்லலாம். கணக்குப் பார்க்காவிட்டால் வேறு எதைப் பார்ப்பது என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை.

இதழ் வந்தபின் வகுப்பில் பேச்சு நடந்தது. ஆளையே முரடாக்கும் கறுப்பு உடையைப் போட்டபின் பீட்டர் தெருவில் ஆடிக்கொண்டு போகிறானே, அதைச் சொல்லிப் பையன்கள் சிரித்தார்கள். "அதுக்க பொறவு கிளப்புல மேரி ஜேனை அடிக்கானே, அத ஒருத்தனும் எழுதல்லியே" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள். அதோடு சிரிப்பு நின்றது. அந்த ஆட்டம் வேடிக்கை, காதலித்தவள் மேல் விழுந்த அடுத்த அடி வேடிக்கையில்லை. இரண்டையும் ஒட்டி வைத்ததுதான் அந்தப் படத்தின் துணிச்சல் என்று எனக்குப் படுகிறது. அது நிறையா குறையா என்று என்னைக் கேட்டால், அன்றைய மனநிலையைப் பொறுத்துத்தான் சொல்வேன்.

மன்னிப்புக் காட்சியும் அப்படித்தான். மார்க்கோ நடந்ததைச் சொல்கிறான், நானும் தப்பு செய்திருக்கிறேன் என்கிறான் பீட்டர், மன்னித்து விட்டுவிடுகிறான். அவ்வளவு சுலபமா என்று பையன் எழுதியிருந்தான். முன்பு இதே ஆத்திரத்தில் மார்க்கோவைக் கொன்றுவிட்டதாக நினைத்து பீட்டர் திரிந்ததையும், ஸ்பைடர்மேன் யாரையும் கொல்லமாட்டான் என்று மே பெரியம்மா அவனிடமே சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் சுலபமில்லை என்று நான் நினைக்கிறேன். அந்தக் கதையை மட்டும் சொல்லியிருந்தால் நல்ல படமாகியிருக்கும். வெனம் அதற்கு இடம் விடவில்லை. ஆக நானும் கடைசியில் பையன் பக்கம்தான் வந்து நிற்கிறேன். ஆனால் படத்தை நினைத்தால் எனக்கு நினைவுக்கு வருவது அவள் எழுதிய கைதான்.

இந்த வருஷம் அதே வேலையைக் கொடுக்கும்போது கேள்வியை மாற்றினேன். 'படத்தில் ஒரே ஒரு இடத்தை எடுத்து, அது ஏன் உன்னிடம் தங்கியது அல்லது ஏன் ஒட்டவில்லை என்று எழுது.' பக்கத்து வகுப்பு டீச்சர் வாசித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு சார், ஆனா முழுப் படத்தையும் யோசிச்சு எழுதுற பிள்ளை என்ன செய்யும்? மார்க்கு எப்பிடிப் போடுவிய?" என்று கேட்டார். அந்தப் பையனின் தம்பி இப்போது அதே வகுப்பில்தான் இருக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்று முடிவு செய்ய வேண்டும்.