சால்மன் டின் வாங்கினால் முள்ளோடு வாங்குங்கள்

ஆபீஸ் மைக்ரோவேவில் மீன் சூடு பண்ணினால் என்ன ஆகும் என்று கனடாவில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேரில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், மறுநாள் மைக்ரோவேவ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மதியத்துக்கு மீனும் வேண்டும், சூடு பண்ணவும் கூடாது என்றால் டின் சால்மன்தான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது. ஏற்கெனவே வெந்த மீன் என்பதால் ஆறினபடியே சாப்பிடலாம்.

குழப்பம் கடையில்தான். அலமாரி முழுக்க சாக்கை (Sockeye), பிங்க், அட்லாண்டிக், தோல் முள் நீக்கியது, உப்பு சேர்க்காதது, எலுமிச்சை மிளகு போட்ட பவுச் என்று வரிசையாக இருக்கும். முதலில் எந்த இனம் என்று பாருங்கள். சாக்கை நல்ல சிவப்பு, சதை கெட்டி, கொழுப்பும் கூட. பிங்க் வெளிறி இருக்கும், சதை மென்மை, ருசியும் கொஞ்சம் அடக்கம்தான், ஆனால் விலை நன்றாகவே குறைவு. இரண்டும் பசிபிக் கடல் மீன்கள். அட்லாண்டிக் என்று போட்டிருந்தால் அநேகமாகப் பண்ணையில் வளர்த்தது. அலாஸ்கா என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கே 1990-லிருந்து வியாபாரத்துக்கு மீன் பண்ணை வைக்கச் சட்டப்படி தடை. எலுமிச்சை பிழிந்து அப்படியே சாப்பிடுவதென்றால் சாக்கை. மசாலா போட்டு வதக்கப் போகிறீர்கள் என்றால் பிங்க் போதும், சாக்கைக்குக் கொடுக்கிற காசு வெங்காயத்தோடு வெங்காயமாகப் போய்விடும்.

அப்புறம் முள். தோல், முள் நீக்கியது என்று பெரிய எழுத்தில் அச்சடித்து அதற்குக் கூடுதல் காசு வாங்குகிறார்கள். நெத்திலியை முள்ளோடு மென்று தின்கிற நமக்கு இது எதற்கு? பழைய முறையில் பச்சை மீனைத் துண்டு போட்டு, கொஞ்சம் உப்பு சேர்த்து, டின்னை அடைத்த பிறகுதான் வேக வைப்பார்கள். அழுத்தத்தில், 120 டிகிரியை ஒட்டின சூட்டில், நீண்ட நேரம். அதனால் நடுமுள் சாக்பீஸ் மாதிரி ஆகிவிடுகிறது, விரலால் நசுக்கினாலே பொடிந்துவிடும். முள்ளோடு சேர்த்துச் சாப்பிட்டால் 85 கிராம் பிங்க் சால்மனில் ஏறக்குறைய 180 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். முள்ளை எடுத்துவிட்டால் அதில் பெரும்பகுதி போச்சு. டின்னுக்குள் இருக்கிற சாறும் மீன் விட்ட சாறுதான். தோல் முள் நீக்கின டின்களில் பலவற்றின் சேர்மானப் பட்டியலில் தண்ணீரும் இருக்கும், சதையும் நார் நாராக வறண்டு கிடக்கும். சால்மன், உப்பு என்று இரண்டே பெயர் எழுதியிருக்கிற டின்னைத்தான் நான் எடுப்பேன்.

எப்போதாவது டின்னுக்குள் சின்னக் கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று தட்டுப்படும். பயந்துபோய்த் தூக்கி எறிய வேண்டாம். மீனிலேயே இருக்கிற மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாவது அது, ஸ்ட்ரூவைட் என்பார்கள். வெதுவெதுப்பான வினிகரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் கரைய ஆரம்பித்துவிடும். கரையவில்லை என்றால் நிஜமாகவே கண்ணாடி, அப்போது கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம்.

இதில் நான் அடிக்கடி செய்வது புட்டு. சுறாப் புட்டு செய்கிறவர்களுக்குத் தெரியும், வேக வைப்பது, தோல் உரிப்பது, பிழிவது என்று பாதி வேலை அதிலேயே போகும். டின்னில் அந்த வேலையே கிடையாது. சாறை வடித்து (கொட்ட வேண்டாம், அன்றைய குழம்பில் சேர்த்துவிடலாம்) மீனை முள்ளும் தோலுமாகக் கையால் உதிர்த்து மஞ்சள் தூள் பிசறி வையுங்கள். கடுகு, சோம்பு தாளித்து, நிறைய சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு வெங்காயம் நன்றாகச் சிவந்த பிறகுதான் மீனைச் சேர்க்க வேண்டும், முன்னாலேயே சேர்த்தால் ஈரம் நிற்கும். அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் சடசடவென்று இருந்த சத்தம் அடங்கி, உதிரி உதிரியாக, ஓரமெல்லாம் லேசாக மொறுமொறுப்பாக வரும். உப்பு கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், டின்னிலேயே இருக்கிறது. ஆறின பிறகு சப்பாத்தியில் சுருட்டி எடுத்துப் போனால் சூடு பண்ணத் தேவையே இல்லை, வாசனையும் டப்பாவைத் தாண்டாது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடுங்கள். திறந்த டின்னிலேயே மட்டும் வைக்காதீர்கள், ஒரு மாதிரி உலோக ருசி ஏறிவிடும்.

பவுச் சால்மன் பயணத்துக்கு. கனமில்லை, டின் ஓப்பனர் வேண்டாம், வடிக்கவும் ஒன்றும் இருக்காது. மசாலா போட்டவற்றில் உப்பும் சர்க்கரையும் எட்டிப் பார்க்கும், அதனால் வெறும் சால்மன் பவுச்சும் கூட ஒரு எலுமிச்சையும் மிளகுப் பொடியும் எடுத்துப் போவதுதான் எனக்குப் பிடிக்கும். விமானத்துக்கும் பவுச்தான் நல்லது. சாறோடு இருக்கிற பெரிய டின்னைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவைத்துவிட வாய்ப்பு உண்டு, அதைப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

புகையூட்டின சால்மனில்தான் கவனம் வேண்டும். பெட்டிக்குள் பவுச்சில் அடைத்து, வெளி அலமாரியில் வைத்து விற்பது முழுக்க வெந்தது, திறக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. ஃபிரிட்ஜ் பகுதியில் மெல்லிய இதழ்களாக வெட்டி வைத்திருப்பது வேறு, அது குளிர்ந்த புகையில் பதப்படுத்தினது, வெந்த மீன் இல்லை. லிஸ்டீரியா கிருமி இருக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மற்றவர்களும் ஐஸ் பேக் இல்லாமல் அதை மதியச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம்.