பிஓ இன்டர்வியூ: கரூரைச் சொல்லித் தொடங்கினேன்

மெயின்ஸ் என்கிற இரண்டாம் கட்ட எழுத்துத் தேர்வில் தேறிவிட்டால் பாதி வேலை கிடைத்த மாதிரி என்று கோச்சிங் சென்டர்களில் சொல்வார்கள். பொதுத்துறை வங்கிகளுக்கு அதிகாரிகளை எடுக்கும் ஐபிபிஎஸ் பிஓ தேர்வில் கணக்கு வேறு. மெயின்ஸில் எடுத்ததை 225லிருந்து 80க்கும், நேர்முகத்தில் எடுத்ததை 100லிருந்து 20க்கும் சுருக்கிக் கூட்டுவார்கள். இருபதுதானே என்று தோன்றும். ஆனால் நேர்முகத்தில் 10 மதிப்பெண் கூடினால் இறுதிக் கணக்கில் 2 கூடும். அதே 2 கூட வேண்டுமானால் மெயின்ஸில் ஐந்தரைக்கு மேல் கூடுதலாக எடுத்திருக்க வேண்டும். குவாண்ட் என்கிற கணிதப் பகுதியில் அந்த ஐந்து மதிப்பெண்ணுக்கு எத்தனை ராத்திரி உட்கார வேண்டும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். போதாததற்கு, நேர்முகத்தில் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 35 சதவீதம் என்று ஒரு கோடும் உண்டு. அதற்குக் கீழே போனால் மெயின்ஸ் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் பட்டியலில் பெயர் வராது.

நான் போனது 2023 தொடக்கத்தில், சென்னையில். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அப்பா கரூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். வீட்டில் வங்கி வேலை பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதனால் மெயின்ஸ் ரிசல்ட் வந்ததும் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரிடம் போய் நின்றேன். தெருவில் எல்லாருக்கும் அவர் மேனேஜர் சார்தான்.

அவர் முதலில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வெளியே போய், கதவைத் தட்டி, உள்ளே வந்து உட்காரச் சொன்னார். வந்தேன். திரும்பப் போகச் சொன்னார். மறுபடி வந்தேன்.

"அம்மிணி, நீ உள்ள வர்ற மாதிரியே இல்ல. யாரோ பின்னாடி இருந்து தள்ளி விட்ட மாதிரி இருக்குது" என்றார்.

அன்று முழுக்க நுழைவதையும் உட்காருவதையும்தான் பழகினோம். கதவை ஓசைப்படாமல் சாத்துவது, ஃபைலை மடியில் வைத்துக்கொள்வது, நாற்காலியை இழுக்காமல் உட்காருவது. சின்ன விஷயங்கள்தான். ஆனால் நாற்காலி கிறீச்சிட்டால் பதற்றம் வரும், பதற்றம் வந்தால் முதல் வாக்கியம் குழறும். கை குலுக்குவது பற்றி யூடியூபில் பத்து நிமிடம் பேசுகிறார்கள். பொதுத்துறை வங்கி நேர்முகத்தில் பெரிய மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் இருப்பார்கள். யாரும் கை நீட்டப் போவதில்லை. வணக்கம் சொன்னால் போதும்.

உடை விஷயத்தில் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. பெரியம்மாவுக்குப் பட்டுச் சேலை, கோச்சிங் தோழிகளுக்கு சுடிதார், அம்மாவுக்குக் காட்டன் சேலை. சேலை, சுடிதார் இரண்டுமே ஏற்கக்கூடியதுதான், எது உங்கள் உடம்பில் இருப்பதே தெரியாமல் இருக்குமோ அது சரி. நான் சேலை கட்டிப் பழகியவள் இல்லை. மடிப்பைச் சரி செய்துகொண்டே பதில் சொல்வதை விட, இளம் நிறத்தில் காட்டன் சுடிதார் போட்டு, துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்திக்கொண்டு போவது நல்லது என்று முடிவு செய்தேன். அன்று காத்திருந்த அறையில் பெண்கள் பாதிக்குப் பாதி அப்படியும் இப்படியுமாகத்தான் இருந்தார்கள். புதுச் செருப்பு மட்டும் அன்றைக்கென்று போடாதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே போட்டு நடந்து பழகிவிடுங்கள்.

இனி சான்றிதழ் சரிபார்ப்பு. இன்டர்வியூ அறைக்குள் போவதற்கு முன் இது நடக்கும். இங்கேதான் பலருக்கு முகம் வெளிறிப் போகிறது. நம் ஊர்க்காரர்களுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, இன்ஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயரும் இன்ஷியலும் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக வந்திருக்கும். டிகிரி சான்றிதழில் இன்ஷியல் முன்னால் போயிருக்கும். நமக்கு இது ஒரே பெயர். வேறு மாநிலத்திலிருந்து வந்து சரிபார்க்கிற அதிகாரிக்கு மூன்று பெயர். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் முன்கூட்டியே ஒரு அஃபிடவிட் வாங்கி ஃபைலில் வைத்திருந்தால் அந்த மேஜையில் வியர்க்காது. இரண்டாவது, சாதிச் சான்றிதழ். பிசி, எம்பிசி என்று நம் கையில் இருப்பது மாநில அரசின் சமூகச் சான்றிதழ். மத்திய அரசுப் பணிக்கான வடிவத்தில், கிரீமிலேயரில், அதாவது வசதியான பிரிவில், வரவில்லை என்ற வாசகத்தோடு, அறிவிப்பில் கேட்ட தேதிக்குள் வாங்கிய ஓபிசி சான்றிதழ் தனி. அதற்கு இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அன்று என் முன்னால் நின்ற பையனிடம் மாநிலச் சான்றிதழ் மட்டும்தான் இருந்தது. அவன் அதன் பிறகு காத்திருந்த நேரம் முழுக்க போனில் அப்பாவிடம் தாலுகா ஆபீஸ் போகச் சொல்லிக்கொண்டே இருந்தான். பொருளாதாரக் கேள்வி எதுவும் அவன் மனதில் நின்றிருக்காது.

சான்றிதழோடு ஒரு பயோடேட்டா படிவமும் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தாள்தான் நமக்கு முன்னால் உள்ளே போகிறது. நாம் கதவைத் திறக்கும்போது நம்மைப் பற்றிய முதல் அபிப்பிராயம் ஏற்கெனவே மேஜை மேல் கிடக்கும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது' என்று எழுதுகிறவர்கள் தாங்களே ஒரு வாய்ப்பை வீணாக்குகிறார்கள் என்பது என் எண்ணம். நான் 'மிச்சத் துணியில் பை தைப்பது' என்று எழுதினேன். அது உண்மை. அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவரும் வெட்டுத்துணியில் தைத்துத் தெருவில் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் சார் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கேள்வி நிச்சயம். தயாரா இரு" என்றார்.

அவர் சொன்ன இன்னொன்றும் உதவியது. "உன்னைப் பற்றிச் சொல்" என்பதற்கு எல்லாரும் பத்தாவதில் இத்தனை சதவீதம், பன்னிரண்டாவதில் இத்தனை என்று ஒப்பிக்கிறார்கள். அதெல்லாம் அவர்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. அடுத்து அவர்கள் என்ன கேட்க வேண்டும் என்று நீ விரும்புகிறாயோ, அதை அந்த பதிலில் வைத்துவிடு என்றார். ஆங்கிலம் பயமாக இருந்தால் நாலைந்து வார்த்தையில் முடிகிற வாக்கியமாகப் பேசு, 'விச்', 'வேர்ஆஸ்' போட்டு நீட்டாதே என்றும் சொன்னார்.

அதனால் என் பதிலைக் கரூரிலிருந்து தொடங்கினேன். நான் கரூரைச் சேர்ந்தவள். எங்கள் ஊரில் இரண்டு வங்கிகள் பிறந்தன, 1916ல் கரூர் வைஸ்யா வங்கி, 1926ல் லட்சுமி விலாஸ் வங்கி. வணிகர்கள் தங்களுக்குள் கடன் கொடுத்துப் பழகிய ஊர் அது. இப்போது வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிக்குப் பெயர் பெற்ற ஊர். என் அப்பா அதில் ஒரு தையல்காரர். நான் மெக்கானிக்கல் படித்தேன், ஊரில் பணம் எப்படிச் சுற்றுகிறது என்பதைப் பார்த்து வளர்ந்ததால் வங்கிக்கு வர விரும்புகிறேன். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது.

நேர்முகக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் படிவத்திலிருந்து தலையைத் தூக்கினார். "இரண்டில் ஒன்று இப்போது இல்லையே, ஏன்?" என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் ஊரை முன்னால் வைத்திருந்தேன். சிறு வணிகர்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த லட்சுமி விலாஸ் வங்கி பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கப் போனது, வராக்கடன் ஏறி மூலதனம் கரைந்தது, 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் திருத்த நடவடிக்கை என்ற கட்டுப்பாட்டு வளையத்துக்குள் கொண்டுவந்தது, இந்தியாபுல்ஸ் ஹவுசிங் என்ற வீட்டுக்கடன் கம்பெனியோடு இணையக் கேட்ட அனுமதி அக்டோபரில் மறுக்கப்பட்டது, 2020 செப்டம்பரில் பங்குதாரர்களே இயக்குநர்கள் பலரை ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள், நவம்பர் 17ல் மொரட்டோரியம் வந்தது, அதாவது வாடிக்கையாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது, 27ஆம் தேதி டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு இணைக்கப்பட்டது என்று வரிசையாகச் சொன்னேன். அந்த நாட்களில் கரூர் டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது, அதனால் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இடது பக்கம் இருந்த அம்மா கேட்டார், யாருக்கு நஷ்டம்? வைப்புத்தொகை போட்டவர்களுக்கு இல்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு முழு நஷ்டம். மூலதனத்துக்காக வங்கி விற்றிருந்த டயர் 2 பாண்டுகள் என்ற கடன் பத்திரங்களும் சுமார் 318 கோடி ரூபாய்க்குத் தள்ளுபடியாயின என்றேன். சரி, இணைக்கவே யாரும் வராமல் வங்கி மூடப்பட்டிருந்தால்? வைப்புக் காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை கொடுக்கும், 2020 பிப்ரவரி 4க்கு முன் அது 1 லட்சமாக இருந்தது என்றேன். அந்த 5 லட்சத்தில் வட்டியும் சேருமா என்றார். சேரும் என்றேன். இந்த இடத்தில் அவர் சிரித்தார். இந்த வட்டிக் கேள்வி எங்கள் கோச்சிங் கையேட்டிலேயே இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்!

அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. "நீங்கள் ஒரு கிளையில் அதிகாரி. உங்கள் வங்கி மூழ்கப் போகிறது என்று வாட்ஸப்பில் செய்தி. காலையில் கதவு திறக்கும்போது வெளியே ஐம்பது பேர். என்ன செய்வீர்கள்?" இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. ஒரு நிமிடம் யோசிக்கட்டுமா என்று கேட்டேன், தலையசைத்தார்கள். கதவைத் தாமதமாகத் திறக்க மாட்டேன், வழக்கமான நேரத்துக்கே திறப்பேன். பணம் கேட்பவருக்குப் பணம் கொடுப்பேன். கிளைகளுக்குப் பணம் அனுப்பும் கரன்சி செஸ்ட்டுக்கு உடனே சொல்லிக் கூடுதல் பணம் கேட்பேன். வட்டார அலுவலகத்துக்கும் தகவல் சொல்வேன். வயதானவர்களை உட்கார வைப்பேன், ஏனென்றால் நின்றுகொண்டிருக்கும் கூட்டம்தான் இன்னும் கூட்டம் சேர்க்கும் என்றேன். கடைசி வாக்கியம் பேசும்போதுதான் தோன்றியது. அதைத் தலைமை வகித்தவர் தாளில் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மற்றவை வேகமாகப் போயின. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி எவ்வளவு? அப்போது 6.25 சதவீதம், 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 ஆக இருந்தது. ஏற்றுமதி செய்கிற முதலாளிக்கு என்னென்ன கடன் வேண்டியிருக்கும்? சரக்கு ஏற்றும் முன் நூலும் துணியும் வாங்க பேக்கிங் கிரெடிட், ஏற்றிய பின் பில்லின் மேல் கடன். வங்கிகளின் மூலதனத்துக்கான சர்வதேச பேசல் விதிகளில் ஒரு விகிதம் கேட்டார்கள். தெரியவில்லை சார் என்றேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஏன் வங்கி என்பதை யாரும் கேட்கவே இல்லை. அதற்கு நான் நாலு விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். போகட்டும்.

பை தைப்பது கடைசியில் வந்தது. ஒரு பைக்கு எவ்வளவு செலவாகும், எவ்வளவுக்கு விற்கலாம், ஐந்து தையல் மிஷின் வாங்க சிறுதொழிலுக்கான முத்ரா கடன் கேட்டு ஒரு பெண் வந்தால் அவளிடம் என்னவெல்லாம் கேட்பீர்கள் என்று ஓடியது. நான் வாடிக்கையாளர் இருக்கிறார்களா என்று முதலில் கேட்பேன், மிஷின் விலையை அப்புறம் கேட்பேன் என்றேன். அதற்குள் நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்து போயிருந்தது.

ரிசல்ட் ஏப்ரலில் வந்தது. நேர்முகத்தில் எனக்கு 64. என்னோடு கோச்சிங்கில் படித்த தோழி மெயின்ஸில் என்னை விட சுமார் 9 மதிப்பெண் அதிகம், நேர்முகத்தில் 48. அவளுடைய பேனலில் உன்னைப் பற்றிச் சொல் என்றதும் பத்தாவது சதவீதத்திலிருந்து தொடங்கினாளாம். அடுத்த கேள்வி பன்னிரண்டாவதில் ஏன் குறைந்தது என்று வந்ததாம். அவளுடைய 9 மதிப்பெண் இறுதிக் கணக்கில் சுமார் 3.2 ஆனது. என்னுடைய 16ம் 3.2 தான். புள்ளிக்குப் பின்னால் வந்த எண்களில்தான் எங்களுக்குள் வித்தியாசம். எனக்கு நான் முதல் விருப்பமாகப் போட்டிருந்த வங்கி கிடைத்தது. அவளுக்கு மூன்றாவதாகப் போட்டிருந்தது கிடைத்தது. இப்போது ஓசூர் பக்கம் ஒரு கிளையில் இருக்கிறாள்.