நீலமாவே நின்ன ஸ்லைடு

பேத்தாலஜி லேப்ல சேர்ந்த புதுசு. தொடையில வந்த லெயோமயோசார்கோமா, அதாவது மென்தசையில வர்ற கேன்சர் கட்டி ஒண்ணோட மெழுகு பிளாக் எங்க ரிசர்ச் செட்ல இருந்துச்சு. ஏடிஆர்எக்ஸ்ங்கற புரோட்டீன் இருந்தா நியூக்ளியஸ ப்ரவுனாக்குற ஸ்டெயின் போட்டுப் பாத்தா செல் எல்லாம் வெறும் நீலம், ப்ரவுனே ஏறல. ஸ்டெயின்ல அந்தப் புரோட்டீனப் பிடிக்கிற ஆன்டிபாடி கெட்டுப்போச்சுன்னு நானே முடிவு பண்ணி திரும்ப வெட்டி திரும்பப் போட்டேன், ரெண்டு நாள் போச்சு, மறுபடியும் நீலம். மூணாவது தடவை பிளாக்க மெல்லிசா சீவுற மைக்ரோடோம்கிட்ட போறப்ப மேடம் கூப்பிட்டு "கட்டிய விடுப்பா, ரத்தக்குழாய் ஓரத்துல இருக்கிற செல்ல பாரு"ன்னாங்க. பாத்தா அங்க நியூக்ளியஸ் எல்லாம் நல்லா ப்ரவுனா இருக்கு. ஸ்டெயின் ஒழுங்காதான் வேலை செஞ்சிருக்கு, கட்டி செல்லுலதான் அந்தப் புரோட்டீனே இல்ல. அது ஏன் முக்கியம்னு புரிய டெலோமியர்ல இருந்து ஆரம்பிக்கணும்.

கோரைப்பாய் ஓரத்த மடிச்சு கட்டியிருப்பாங்கல்ல, அது பிரிஞ்சா பாயே பிரிஞ்சிடும். குரோமோசோம் நுனியில இருக்கிற டெலோமியரும் அப்படித்தான், டிடிஏஜிஜிஜின்னு ஒரே ஆறு எழுத்து ஆயிரக்கணக்குல திரும்பத் திரும்ப வரும், செல் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் கொஞ்சம் குறையும், ரொம்பக் குறைஞ்சா செல் பிரியறத நிறுத்திடும். கேன்சருக்கு நிக்கக் கூடாதே. அதனால 100ல 85, 90 கேன்சர் டெலோமியர திரும்ப நீட்டுற டெலோமரேஸ் என்சைம ஆன் பண்ணிக்குது. 1984ல எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் டெட்ராஹைமினாங்கற ஒரு செல் உயிரில கண்டுபிடிச்சாங்களே, 2009ல நோபல் கூட வந்துச்சு, அந்த என்சைம்தான். காலேஜ்ல நான் படிச்சது அதோட முடிஞ்சிடுச்சு.

மிச்சம் இருக்கிற கேன்சர்ல பலது வேற வழி வச்சிருக்கு, பேரு ஆல்ட். 90கள்ல சிட்னியில ரோஜர் ரெடெல், ட்ரேசி பிரையன் குழு காட்டினது. ஒரு டெலோமியர் இன்னொரு டெலோமியரப் பாத்து காப்பி அடிச்சு நீளும். 2000ல அதே குழு ஒரு டெலோமியருக்குள்ள அடையாளத் துண்டு ஒண்ண சொருகி விட்டாங்க, செல் பிரியப் பிரிய அந்தத் துண்டு வேற குரோமோசோம் நுனியிலயும் வந்து நின்னுச்சு. இத படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

சார்கோமாங்கற சதைக் கட்டிகள்ல இந்த ஆல்ட் ரொம்ப சகஜம், லெயோமயோசார்கோமாவுல குறிப்பா, ஏடிஆர்எக்ஸ் தொலைஞ்சிருந்தா சந்தேகம் இன்னும் கூடும். எல்லா சார்கோமாவும் இப்படி இல்ல, மிக்ஸாய்டு லைப்போசார்கோமாங்கற கொழுப்புக் கட்டி கேன்சர்ல பெரும்பாலும் டெலோமரேஸ் ஜீனோட ஸ்விட்ச் பகுதியிலயே மியூட்டேஷன் இருக்கும். எந்தக் கட்டி எந்த வழின்னு தெரியணும், ஏன்னா டெலோமரேஸ தடுக்கிற இமெடெல்ஸ்டாட்ங்கற மருந்து 2024ல அமெரிக்காவுல ஒரு ரத்த நோய்க்கு அனுமதி வாங்கிடுச்சு, ஆனா ஆல்ட் கட்டியில அது தடுக்கிறதுக்கு என்சைமே இருக்காது. ஏடிஆர்னு (ஏடிஆர்எக்ஸ் இல்ல, வேற புரோட்டீன்) ஒண்ண தடுக்கிற மருந்து ஆல்ட் செல்ல மட்டும் தனியா கொல்லும்னு 2015ல பெரிய நம்பிக்கை வந்துச்சு, அடுத்த வருஷமே வேற லேப்ல செஞ்சவங்களுக்கு அப்படி வரல. எனக்கு அது ரொம்ப வருத்தம்.

அந்த பிளாக்ல நான் ரெண்டாவதா வெட்டினது வீண். சதை எவ்வளவு மிச்சம்னு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு பாத்தப்ப வயித்த பிசைஞ்சுது, ஒருத்தர் ஆபரேஷன் டேபிள்ல படுத்துக் குடுத்தது அது. டெலோமியர ஒளிர வச்சு பாக்கிற ஃபிஷ் டெஸ்டுக்கு ஒரு செக்‌ஷன் தேறுச்சு. இருட்டு ரூம்ல மேடம் பக்கத்துல நிக்க ஃபோகஸ் பண்ணேன், சாதாரண செல்லுல ஊசி முனை மாதிரி சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி, கட்டி செல்லுல கண்ணு கூசுற மாதிரி பெரிய பெரிய பொட்டு. ஆல்ட்தான். மேடம் ஒண்ணும் சொல்லல, ஐபீஸ்ல இருந்து கண்ண எடுக்கவே இல்ல.